பொன்சாமி மண்டையில் குடியேறியவர்கள்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். கற்பூரம் ஏற்றிக் கொண்டுவாருங்கள், அடித்து அணைத்துத் தரப்படும். ஒரு எழுத்து பொய்யாக இருந்தாலும், சொன்னவனுடைய கரும்பு, மில் மூடுகிற நாள் வரைக்கும் வெட்ட ஆளில்லாமல் வயலிலேயே நிற்கட்டும். தவுவாப் பக்கத்தில் இதைவிடப் பெரிய சத்தியம் கிடையாது.

கடல் நடுவே ஒரு கரும்புத் தீவில், தவுவா என்கிற ஊரில், பொன்சாமி என்று ஒருவர் இருந்தார். அவருக்குப் பத்து ஏக்கர் கரும்பு, இரண்டு காளை, ஒரு மனைவி, ஒரு அண்ணன். முதல் மூன்றும் தவுவாவில் இருக்க, அண்ணன் மட்டும் சிட்னியில் இருந்தார். ஆனால் பொன்சாமிக்கு எப்போதும் மிகப் பக்கத்தில் இருந்தவர் அந்த அண்ணன்தான். கடல் தாண்டினால் பொறாமை இளைத்துப்போகும் என்று சொல்கிறவர்கள் ஒழுங்காகப் பொறாமைப்பட்டுப் பார்த்ததில்லை.

அண்ணன் கோவிந்தசாமி வயதில் இரண்டு வருஷம் கூட, உயரத்தில் நாலு அங்குலம் கூட. மாரியம்மன் கோவில் திருவிழாவில் கூத்து வைத்தால் அவருக்கு அர்ச்சுனன் வேஷம். பொன்சாமிக்கு, அர்ச்சுனனுக்கு வேண்டாதபோது வில்லைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்கிற வேலை. வுனிமோனோவிலிருந்து இந்திராவதியின் வீட்டார் பேசிக்கொண்டு வந்ததும் கோவிந்தசாமிக்காகத்தான். "எனக்கு இப்ப வேணாம், தம்பிக்குப் பாருங்க" என்று அவர் சொன்னார். சொன்னபோது கையில் பாதி கடித்த கொய்யாப்பழம் வைத்திருந்தார். ஒரு மனுஷனுடைய வாழ்க்கையை இன்னொருவன் கொய்யாப்பழம் மென்றுகொண்டே தீர்மானித்ததைப் பொன்சாமி இருபத்து நாலு வருஷமாக மறக்கவில்லை. தம்பியைக் கட்டிக்கொண்டதில் இந்திராவதிக்கு ஏமாற்றமா என்று அவளிடம் கேட்டதும் இல்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்.

எண்பத்தேழில் ராணுவம் முதல் தடவை ஆட்சியைப் பிடித்தபோது தவுவாவில் பாதிப் பேர் பெட்டி கட்டினார்கள். கோவிந்தசாமியும் கட்டினார். பொன்சாமி விமான நிலையத்தில் தேம்பித் தேம்பி அழுதார். திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாட்டுப் பாடினார்.

அந்தப் பாட்டுக்குத் தண்டனை ஏழு வருஷம் கழித்து வந்தது. இரத்தத்தில் ஒரு வியாதி. எலும்புக்குள் இருக்கிற மஜ்ஜையை அடியோடு அழித்துவிட்டு வேறொருவருடைய மஜ்ஜையை ஏற்றினால்தான் பிழைப்பார் என்றார்கள். சிட்னிக்குக் கூட்டிப்போய்ச் சோதித்தார்கள். அண்ணனுடையது அச்சு வார்த்ததுபோல் பொருந்தியது. கோவிந்தசாமியின் இடுப்பெலும்பிலிருந்து உறிஞ்சி எடுத்து ஒரு பையில் தொங்கவிட்டார்கள். அது சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்குவதைப் பொன்சாமி மல்லாந்து படுத்து முறைத்துக்கொண்டே இருந்தார். பிழைத்து ஊர் வந்தார். "அண்ணன் போட்ட உயிர்" என்று தவுவாச் சந்தையில் கத்தரிக்காய் விற்கிறவள்கூடச் சொன்னாள். வியாதி அந்த அளவுக்கு வலித்ததில்லை.

பிறகு வந்தது இரண்டாயிரமாம் வருஷம், மே மாதம். துப்பாக்கி வைத்திருந்தவர்கள் தலைநகர் சுவாவில் பாராளுமன்றத்துக்குள் புகுந்து மந்திரிகளைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். கரும்பு வெட்டக் கப்பலில் வந்தவர்களின் வம்சத்துக் கடைகள் எரிந்தன. சிட்னியிலிருந்து கோவிந்தசாமி தினமும் மாலை ஐந்தரைக்கு டெலிபோன் செய்ய ஆரம்பித்தார். எடுப்பது இந்திராவதி. அரை மணி நேரம் பேச்சு. பொன்சாமி கூடத்துக்குள் கால் வைத்தால் போதும், பேச்சு சுருங்கிவிடும். "ம்." "சரி மாமா." "ம்." அந்த 'ம்' ஒன்றை வாயில் போட்டு மென்றுகொண்டே மறுநாள் மாலை வரைக்கும் பொன்சாமி கரும்புக்குக் களை எடுப்பார்.

ஏழாம் நாள் ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

"கூரைத் தகரம் ஆடுது. ரெண்டு ஆணி அடிச்சிட்டு வர்றேன்."

"காத்தே இல்லையேய்யா, எப்படி ஆடும்?" என்றாள் இந்திராவதி.

"அதான் சொல்றேன். காத்து இல்லாமயே ஆடுது."

தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி உண்டு. அதில் காதைப் பொருத்தித் தலைகீழாகப் படுத்தார். டெலிபோன் மணி அடித்தது. முதலில் 'ம்', 'ம்'. பிறகு தெளிவாக ஒரு வாக்கியம் வந்தது: "இல்ல மாமா, அவருகிட்ட நான் இன்னும் சொல்லல." எதைச் சொல்லவில்லை? பொன்சாமி இன்னும் ஒரு அங்குலம் முன்னால் நகர்ந்தார். கூரை அந்த அங்குலத்துக்கு முன்னாலேயே முடிந்திருந்தது. கீழே சிமெண்டுத் தண்ணீர்த் தொட்டி.

இரண்டு நாள் நினைவில்லை. மூன்றாம் நாள் கண் விழித்தபோது ஆஸ்பத்திரியில் இருந்தார். பெரிய டாக்டர்கள் எல்லாரும் விசா வரிசையில் நின்றுகொண்டிருந்ததால் அவரைப் பார்த்துக்கொண்டது டாக்டர் அஷ்னிதா, சின்ன வயசுப் பெண். அவளுடைய நாற்காலிக்குப் பின்னாலும் ஒரு சூட்கேஸ் பாதி மூடி நின்றது. தமிழும் ஹிந்தியும் கலந்து கட்டிப் பேசினாள்.

"அச்சா, வீக்கம் நல்லா வடிஞ்சிடுச்சு அங்கிள். உங்க ஆளுங்க ஜோரா வேலை செஞ்சிருக்காங்க."

"எந்த ஆளுங்க?"

"மூளையில அடிபட்டா, செத்ததைத் தின்னு எடத்தைத் துப்புரவு பண்ற அணுக்கள்."

"அதுங்க எங்கருந்து வருது?"

டாக்டர் அஷ்னிதா தன் உத்தியோகத்தில் செய்த ஒரே தவறு, இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னதுதான்.

"ரெண்டு ஜாதி இருக்கு அங்கிள். ஒண்ணு உள்ளூரு. நீங்க அம்மா வயித்துல கடுகளவு இருக்கும்போதே மூளைக்குப் போய்க் குடியேறினது. அடிபட்ட உடனே அதுங்கதான் முதல்ல ஓடும். இன்னொண்ணு வெளியூரு. சேதி கேட்டு ரெண்டு மூணு நாள்ல இரத்தத்து வழியா கூட்டமா வரும். அது மஜ்ஜையில பொறக்கிறது."

பொன்சாமி எழுந்து உட்கார்ந்தார். "யாரு மஜ்ஜையில?"

டாக்டர் அவருடைய பழைய காகிதங்களைப் புரட்டினாள். ஒரு பக்கம் வந்ததும் புரட்டுவதை நிறுத்தினாள். "ஓ," என்றாள்.

கரும்புக்காரனுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. வயலில் தீப்பிடித்தால் முதலில் வீட்டு ஆட்கள் பச்சைக் கிளையை ஒடித்துக்கொண்டு ஓடுவார்கள். அப்புறம், கருகிய கரும்பு கெட்டுப்போவதற்குள் வெட்டியாகவேண்டும் என்று சர்தார், அதாவது வெட்டு மேஸ்திரி, வெளியிலிருந்து வெட்டுக் கூட்டத்தைக் கூட்டிவருவார். எல்லார் முகத்திலும் கரி. வரப்பில் நின்று பார்த்தால் எவன் வீட்டு ஆள், எவன் கூலிக்கு வந்தவன் என்று பெற்ற தாய்க்கும் தெரியாது.

"வேலை முடிஞ்சா வந்தவங்க திரும்பிப் போயிடுவாங்க, இல்ல?"

"அதுலதான் சண்டையே. போயிடும்னு சில பேரு. இல்ல, அங்கயே தங்கி உள்ளூர்க்காரன் மாதிரியே ஆயிடும்னு சில பேரு. எலியை வச்சுப் பாத்துக்கிட்டு இருக்காங்க."

"எலி கெடக்கட்டும். என் மண்டையில உள்ளூரு எத்தனை, வெளியூரு எத்தனைன்னு சொல்ல முடியுமா?"

"முடியும். மண்டையைத் திறந்து பாக்கணும்."

"இன்னிக்கே தொறந்துடேன்" என்றார் பொன்சாமி. அவள் தூக்க ஊசி போட்டாள்.

வீட்டுக்கு வந்த மறுநாளே அறிகுறிகள் ஆரம்பித்தன. பொன்சாமிக்குப் பாகற்காய் ஆகாது. அன்று மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவும்போதுதான் உறைத்தது: பாகற்காய்ப் பைத்தியம் அண்ணன். அடுத்த நாள் தொழுவத்துக்குப் போகிற வழியில் சீட்டி அடித்தார். அவர் ஆயுசில் சீட்டி அடித்ததில்லை, அண்ணன் அடிப்பார். காளைகள் இரண்டும் அவரை முகர்ந்து பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போயின. அவை கோவிந்தசாமி போன பிறகு வாங்கியவை, முன்பின் பழக்கமில்லை. வெள்ளிக்கிழமை ரொட்டிக் கடை வரிசையில் நின்றபோது சிட்னி ரயில் பாதையில் இருக்கிற ஸ்டேஷன்களை வரிசையாக ஒப்பித்தார். அங்கே இருந்துவிட்டு வந்த ஒருவர் விரல் விட்டுச் சரிபார்த்து, ஒரு ஸ்டேஷன் அதிகமாக இருக்கிறது என்றார். அந்த ஸ்டேஷனை மூன்று வருஷம் கழித்துத்தான் கட்டினார்கள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் சேவல் கூவியது. பொன்சாமி ஜன்னல் வழியாக அதனிடம், "அரே, ஆறு மணி வரைக்கும் ஊரடங்கு போட்டிருக்கான். நீ அஞ்சுக்கே சத்தம் போடுற. ராணுவம் முதல்ல உன்னைத்தான் புடிக்கும், அப்புறம் கோழிங்களை விசாரிக்கும்" என்றார்.

இந்திராவதி சிரித்தாள். சாதாரணச் சிரிப்பு இல்லை. தோசைக்கல்லில் இருந்த ரொட்டி கருகிப் புகை கிளம்பும் வரைக்கும் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். இருபத்து நாலு வருஷத்தில் பொன்சாமி அந்தச் சிரிப்பைப் பார்த்ததில்லை. அது அவள் வாயில் இத்தனை நாளும் எங்கே இருந்தது?

அவருக்கு ஒரு நொடி சந்தோஷம். அடுத்த நொடி வயிறு எரிந்தது. பொன்சாமிக்குச் சிரிக்காதவள் இப்போது யாருக்குச் சிரிக்கிறாள்?

அன்று மீன் குழம்பில் தலைத்துண்டு அவர் தட்டில் விழுந்தது. மாலையில் அவள் லேசாக மயக்கம் தருகிற யங்கோனா வேரைக் கரைத்து, சிரட்டையில் மொண்டு அவர் கையில் கொடுத்து, பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள். கட்டுப் போட்ட இடத்தை மெல்லத் தடவினாள்.

"இங்கயாய்யா இன்னும் வலிக்குது?"

பொன்சாமி தலையை இழுத்துக்கொண்டார். "அங்க தொடாத."

"ஏன்?"

"அங்க ஆளு இருக்கு."

அவள் அதற்கும் சிரித்தாள். அவருக்குக் கொலைவெறி வந்தது. சொந்த மண்டைக்குள், சொந்தப் பாயில், தன் பெண்டாட்டி கைச்சூட்டை இன்னொருத்தன் அனுபவித்துக்கொண்டிருக்கிறான். எழுந்து எட்டி உதைக்கலாம் என்றால் யாரை உதைப்பது?

இங்கேதான் பொன்சாமி ஒரு கரும்புக்காரன் மட்டுமே செய்யக்கூடிய காரியத்தைச் செய்தார். அந்த மாதம்தான் அவருடைய நிலத்துக்கு முப்பது வருஷ லீஸ் முடியப்போகிறது, காலி செய் என்று நோட்டீஸ் வந்திருந்தது. தவுவாவில் வீட்டுக்கு வீடு வந்திருந்தது. நல்ல ஆங்கிலம், பிசிறு இல்லாத வாசகம். அதை முன்னால் வைத்துக்கொண்டு வரிக்கு வரி தமிழில் எழுதினார். "மேற்படி பொன்சாமியின் தலையில் வலது பக்கம் அத்துமீறிக் குடியிருக்கும் கோவிந்தசாமி வகையறா அணுக்களுக்கு. இன்றிலிருந்து முப்பது நாளைக்குள் காலி செய்யவேண்டியது. வந்த வழியே போகவேண்டியது. நீங்கள் செய்த அபிவிருத்திகளை அப்படியே விட்டுச் செல்லவேண்டியது." முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் நின்று, காதுக்கு நேராகத் தாளைப் பிடித்துக்கொண்டு, உரக்க வாசித்தார்.

இந்திராவதி கதவருகே நின்று கேட்டாள். "யாருக்குய்யா நோட்டீஸ்?"

சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார்: மஜ்ஜை, உள்ளூர், வெளியூர், எலி. கூரையில் எதற்கு ஏறினார் என்பதையும் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அவள் சிரிக்கவில்லை.

"வந்தவன்லாம் வந்த எடத்துக்கே போன்னு ரேடியோவுல ஒருத்தன் கத்துறானே. அவன் குரலும் இப்படித்தான்யா இருக்கு" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போனாள்.

பொன்சாமியைக் கலக்கியது அந்தப் பேச்சு இல்லை. அவருடைய நோட்டீஸின் கடைசி வாக்கியம். அபிவிருத்தி என்றால் எது? வயலில் என்றால் வேலி, கிணறு, கொட்டகை. தலையில் என்றால்? அவர்கள் போகும்போது அவளுடைய சிரிப்பு இங்கே நிற்குமா, கூடவே கிளம்பிவிடுமா? முப்பது நாளும் தினம் காலையில் சேவலிடம் ஏதாவது சொல்லிப் பார்ப்பார். அவள் சிரித்தால் எரிச்சல் வரும். சிரிக்காவிட்டால் பயம் வரும்.

முப்பதாம் நாள் வாசலில் டாக்ஸி வந்து நின்றது. அணுக்கள் போகிற நாளில் ஆளே வந்து இறங்கினார். சிட்னியிலிருந்து கோவிந்தசாமி.

பொன்சாமி எதிர்பார்த்த அர்ச்சுனன் இல்லை அது. கன்னம் தொங்கியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து டீயைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். இந்திராவதி பாகற்காய் வறுவல் கொண்டுவந்து வைத்தாள். எத்தனை துண்டு வைக்கிறாள் என்று பொன்சாமி பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு வேணாம்மா. அந்த ருசியெல்லாம் போயிடுச்சு" என்றார் கோவிந்தசாமி.

பொன்சாமி சேவல் கதையைச் சொல்லிப் பார்த்தார். கோவிந்தசாமி முகத்தில் ஒரு மயிர்க்கால் அசையவில்லை.

"டேய் தம்பி, அதுக்காகத்தான்டா வந்தேன். உனக்கு மஜ்ஜை குடுத்தனே, அதுலருந்து எனக்குச் சிரிப்பே வரமாட்டேங்குது. சீட்டி அடிச்சா வெறும் காத்துதான் வருது. ரயில்ல போனா ஸ்டேஷன் பேரு மறந்து, எங்கியோ போய் எறங்கறேன். உன் அண்ணி மூஞ்சி குடுத்துப் பேசறதில்ல. நீ இங்க அடிபட்டப்பறம் ஜோக்கடிக்கிறியாம், சீட்டி அடிக்கிறியாம். ஊருக்கு வந்துட்டுப் போனவங்க சொல்றாங்க. நியாயமா பாத்தா அதெல்லாம் யாருது?"

"யாருது?"

"திருப்பிக் குடு. முழுசும் கேக்கல. பாதி."

முப்பது நாளாக போ போ என்று விரட்டிய பொன்சாமி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"அது என்னுது."

"என் இடுப்புல எடுத்ததுடா!"

"எடுத்தது உன் இடுப்பு. வெளைஞ்சது என் மண்டை. நீ அன்னிக்கே ரசீது வாங்கியிருக்கணும்."

"அப்ப நெலம் என்னுது, வெள்ளாமை மட்டும் உன்னுதா?"

"நெலமே என்னுதுண்ணே! நீ குடுத்தது வெதை!"

லீஸ் ஆபீசில்கூட அவ்வளவு சூடாக வாதம் நடந்திருக்காது. இந்திராவதி மரத்தொட்டியை நடுவில் வைத்து யங்கோனா பிழிந்துகொண்டிருந்தாள். பொன்சாமி சட்டென்று அவள் பக்கம் திரும்பினார். இருபத்து நாலு வருஷமாகக் கேட்காததை அண்ணனை எதிரே வைத்துக்கொண்டே கேட்டார்.

"நீ சொல்லு. நீ யாரைப் பாத்துச் சிரிச்ச? என்னையா, இவரையா?"

அவள் துணியை உதறி வைத்தாள்.

"சேவல் ஜோக்குக்கு எவளாவது அடுப்பை விட்டுட்டுச் சிரிப்பாளாய்யா? நான் வாயைத் தொறந்தா நீ காளைக்குத் தண்ணி வைக்கப் போயிடுவ. இத்தன வருஷத்துல நான் இன்னா பேசறேன்னு ஒரு நாள் காது குடுத்ததில்ல. அன்னிக்கு அம்பது வயசுல ஏணி வச்சு ஏறி, நான் பேசறதைக் கேக்கறதுக்காக மண்டையை ஒடச்சிக்கிட்ட. காத்து இல்லாம கூரை ஆடுதுன்னு நீ சொன்னப்பவே எனக்குத் தெரியும்யா. அதை நெனைச்சா எனக்கு அடக்க முடியல. சேவலு ஒரு சாக்கு."

"அப்ப அந்த... 'அவருகிட்ட இன்னும் சொல்லல'ன்னு சொன்னது?"

"மாமா தெனம் சிட்னிக்கு வந்துடுங்கன்னாரு. நான் வரமாட்டேன்னு தெனம் சொன்னேன். லீஸ் முடிஞ்சா வுனிமோனோவுல எங்க ஆளுங்க பக்கத்துல ஒரு துண்டு நெலம் பாத்துக்கலாம். உன்கிட்ட சொன்னா நீ ரோஷத்துக்குக் கெளம்பிடுவ. சிட்னி போனா மறுபடி இவரு அர்ச்சுனன், நீ வில்லைப் புடிச்சிக்கிட்டு நிப்ப. எனக்கு அது பாக்க வேணாம்."

பொன்சாமி விரல் விட்டு ஒரு கணக்குப் போட்டார். கூரையில் ஏறியது விழுவதற்கு முன்னால். வெளியூர்க் கூட்டம் வந்தது விழுந்து இரண்டு நாள் கழித்து. ஆக, ஏறினபோது மண்டைக்குள் இருந்ததெல்லாம் உள்ளூர். ஏறினவன் முழுக்க முழுக்கப் பொன்சாமி. அவள் சிரிப்பது அவனுக்காக.

ஒரு சிரட்டை குடித்து முடிக்கிற நேரம் அவர் ராஜாவாக இருந்தார். அப்புறம் இந்திராவதி அடுத்த சிரட்டையைப் பாவம் என்று கோவிந்தசாமிக்கு முதலில் நீட்டினாள். விளிம்பு வரைக்கும் ஊற்றியிருந்தாள். பொன்சாமி தன் சிரட்டையை எட்டிப் பார்த்தார். ஒரு விரல் குறைவு.

நாலு நாள் கழித்து நாடி விமான நிலையம். அந்த வருஷம் அங்கே தரை காய்ந்த நாள் இல்லை. பாதி ஊர் போய்க்கொண்டிருந்தது, மீதி ஊர் அழுதுகொண்டிருந்தது. பொன்சாமி அழவில்லை. அண்ணன் இந்திராவதியின் கையைப் பிடித்து விடைபெற்றதைப் பார்த்து மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணினார். ஏழு வரைக்கும் வந்தது. ஐந்து போதும்.

"தம்பி, ஏதாவது குடுத்து அனுப்புடா" என்றார் கோவிந்தசாமி, கெஞ்சுகிற குரலில்.

பொன்சாமி சுற்றிலும் பார்த்துவிட்டு, அண்ணன் காதருகே குனிந்து, யாருக்கும் கேட்காமல் ஒரு ஜோக் சொன்னார். கோவிந்தசாமியின் தொங்கின கன்னம் மேலே ஏறியது. உதடு விரிந்தது. பல் தெரிந்தது. முக்கால் சிரிப்பு வந்திருக்கும், பொன்சாமி முடிவைச் சொல்லாமல் நிறுத்திவிட்டார். அதற்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை.

கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தால் கடைசியாக ஒரு சத்தியம்: பொன்சாமி தன் பெற்றோருக்கு ஒரே பிள்ளை.